வயலின் எந்தப் பக்கம்? குரல், வயலின், பியானோ மூவர் இசை: பெங்களூர் கண்டோன்மென்ட்டை முன்வைத்து ஒரு வாதம்

கர்நாடக இசைக்கு அருகில் பியானோவைக் கொண்டுவரும்போதெல்லாம் ஒரே தீர்ப்புதான் வாசிக்கப்படுகிறது: அதில் கமகம் பேசாது, ஆகவே அது ஆகாது. தீர்ப்பில் பிழையில்லை, வழக்குதான் வேறு. குரல், வயலின், பியானோ மூன்றும் ஓர் அறைக்குள் கூடி இரண்டு மரபுகளையும் தொட்டு இசைக்கும்போது, அந்த நிகழ்ச்சி நிற்பதையும் சரிவதையும் பியானோவின் குறை தீர்மானிப்பதில்லை. வயலின் எடுக்கும் நிலைதான் தீர்மானிக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம். வயலின் குரலோடு சேர்கிறதா, பியானோவோடு சேர்கிறதா, அல்லது ஆதார ஷட்ஜத்தைக் காத்துக்கொண்டு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறதா? இதை முடிவு செய்யாமல் மேடையேறும் குழுவில் மூவரும் நன்றாக வாசிப்பார்கள்; இசை மட்டும் சேராது.

இதைக் கண்டோன்மென்ட் பகுதியின் ரிச்சர்ட்ஸ் டவுனில் வைத்துப் பேசக் காரணம் உண்டு. 1809இல் அமைந்த பெங்களூர் கண்டோன்மென்ட், 1881இல் மைசூர் நாடு உடையார் வம்சத்திடம் திரும்பியபோதும் ஆங்கிலேய ரெசிடெண்டின் பொறுப்பிலேயே இருந்தது. 1947 வரை ‘சிவில் அண்ட் மிலிட்டரி ஸ்டேஷன்’ என்ற தனி நிர்வாகம். படையின் பின்னாலும், 1864இல் ஜோலார்பேட்டையிலிருந்து வந்துசேர்ந்த ரயிலின் பின்னாலும் வந்து தங்கிய தமிழர்கள் இந்தப் பகுதியின் பேச்சையும் வழிபாட்டையும் உருவாக்கினார்கள். 1898ஆம் ஆண்டுப் பிளேக்குக்குப் பின், நெரிசலைக் குறைக்க 1910இல் ஃப்ரேசர் டவுன் எழுந்தது. அதை ஒட்டிய ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பூங்கா, டேவிஸ் சாலையில் ஹோலி கோஸ்ட் தேவாலயம், 1914இல் தொடங்கிய கிளாரன்ஸ் உயர்நிலைப் பள்ளி. பக்கத்துப் பென்சன் டவுனில் ஐக்கிய இறையியல் கல்லூரி. மறுபுறம் நகரத்துப் பேட்டைப் பகுதிக்கு 1905லேயே பெங்களூர் காயன சமாஜம் இருந்தது. சில மைல் தொலைவுதான். ஆனால் இரண்டு நிர்வாகம், இரண்டு விதமான மாலைப்பொழுது: இங்கே பியானோவும் பாடகர் குழுவும், அங்கே தம்புராவும் கச்சேரியும்.

இந்தக் கோட்டைத் தாண்டிய காதுகள் சில இருந்தன. தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களை முதலில் சொல்ல வேண்டும். அவர்களது ஆராதனையில் ஜெர்மானிய மெட்டுகளில் அமைந்த ஞானப்பாட்டுகளும், தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) வழியில் ராக தாளத்தோடு வந்த கீர்த்தனைகளும் ஒரே காலை வேளையில் அடுத்தடுத்து ஒலிக்கும். ஒன்றுக்கு ஆர்கன் நான்கு குரலில் துணை நிற்கும். அடுத்ததற்கும் அதே ஆர்கன்தான். கீர்த்தனையின் கமகத்தை ஆர்கன் மழித்துவிடும் என்பதும், சபையார் அந்த மழித்த மெட்டின் மேலேயே தம் அசைவுகளைப் பாடி ஈடுகட்டிவிடுவார்கள் என்பதும் அங்கே உட்கார்ந்து கேட்ட எவருக்கும் தெரியும். கட்டைகளின் மேல் அசையாத சுரம், தொண்டையில் அசையும் சுரம்: இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கலாம் என்பதை எந்தப் பரிசோதனைக் குழுவுக்கும் முன்பே அந்தச் சபைகள் செய்து காட்டிவிட்டன. இசை வரலாறுகள் இதைக் கணக்கில் எடுத்துக்கொண்டதில்லை, எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

பியானோ மீதான குற்றச்சாட்டை அளந்துவிடலாம். ஒரு ஸ்தாயியை 1200 சென்ட் என்று கொண்டால், இயற்கையான அந்தர காந்தாரம் 386 சென்ட்டில் விழும். பியானோவில் அது 400. பதினான்கு சென்ட் வித்தியாசத்தைப் பழகிய காது உடனே பிடிக்கும். பஞ்சமத்தில் வித்தியாசம் இரண்டே சென்ட் என்பதால் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஆகவே ஸ-ப என்ற எலும்புக்கூட்டில் பியானோவும் தம்புராவும் சமாதானமாகவே இருக்கின்றன. சண்டை காந்தாரத்திலும் தைவதத்திலும்தான். கமகத்தைப் பொறுத்தவரை விஷயம் இன்னும் நேரடியானது. தோடியின் காந்தாரம் ஓர் இடத்தில் நிற்கும் சுரமே அல்ல; ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் இடையே போய்வரும் ஓர் அசைவு. அதற்கு உரிய கட்டை பியானோவில் இல்லை, இருக்கவும் முடியாது.

ஆனால் இந்தக் குற்றச்சாட்டை வைத்து ஒரு வாத்தியத்தை விலக்குவதென்றால், ஜலதரங்கத்தை எப்போதோ விலக்கியிருக்க வேண்டும். கிண்ணத்தில் நீர் அளவை மாற்றாமல் அங்கேயும் சுரம் நகராது. ஆனையம்பட்டி கணேசன் போன்றவர்கள் அதை வைத்து முழுக் கச்சேரியே செய்தார்கள். ராகத்தை எப்படி உணர்த்துவது என்பதை அசைவிலிருந்து பிடிகளுக்கும் வேகத்துக்கும் இடைவெளிக்கும் மாற்றிக்கொண்டார்கள். ஹார்மோனியத்தின் கதை வேறு. அகில இந்திய வானொலி 1940இல் அதற்குக் கதவடைத்தது. 1971 வரை அடைத்தே வைத்திருந்தது. அந்த வாத்தியத்துக்கு எதிராக வலுவாக எழுதியவர்களுள் ஜான் ஃபோல்ட்ஸ் ஒருவர். டெல்லி வானொலியின் மேலை இசைப் பிரிவை நடத்திய, இந்திய வாத்தியங்களுக்கென்றே குழு அமைத்த ஆங்கில இசையமைப்பாளர் அவர். கட்டை வாத்தியத்தை நம் இசையிலிருந்து விரட்டச் சொன்னவர் மேலை இசையின் பிரதிநிதி என்பதைக் கவனிக்க வேண்டும். அந்தத் தடைக்காலம் முழுவதும் நம் பாடகர்கள் ஒன்றரைக் கட்டை, ஐந்தரைக் கட்டை என்று அதே ஹார்மோனியக் கட்டைகளை எண்ணித்தான் தம் சுருதியைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பியானோவை வளைய வைக்கும் முயற்சிகளும் நடந்தன. ஒவ்வொரு சுரத்தையும் வாசிக்கும்போதே நகர்த்தக்கூடிய ‘ஃப்ளூயிட் பியானோ’வை ஜெஃப் ஸ்மித் என்பவர் இங்கிலாந்தில் வடிவமைத்தார், உத்சவ் லால் அதில் இந்திய ராகங்களை வாசித்துக் காட்டியிருக்கிறார். வேறு வழியில் போனவர்கள் சிக்கில் குருசரணும் அனில் ஸ்ரீனிவாசனும். அங்கே பியானோ சாதாரணப் பியானோவே. குரல் கமகத்தை முழுமையாகப் பாட, பியானோ அதை நகலெடுக்க முயலாமல் அதன் அடியிலும் இடைவெளிகளிலும் ஒலிக்கிறது. அந்த இருவர் முறை வேலை செய்வது ஏன் என்று கேட்டால், என் விடை இது: நடுவில் யாரும் இல்லை. குரலுக்கும் பியானோவுக்கும் இடையே உள்ள முரண் மறைக்கப்படாமல் அப்படியே கேட்கிறது. காது அதை ஏற்றுக்கொள்கிறது. மூன்றாவதாக வயலின் வந்து உட்கார்ந்ததும் அந்த வெளிப்படைத்தன்மை போய்விடுகிறது.

ஏனென்றால் வயலின் இரண்டு வீட்டுப் பிள்ளை. மணலி சின்னையா முதலியாரின் ஆதரவில் ஓர் ஐரோப்பியரிடம் வயலின் கற்ற பாலுஸ்வாமி தீட்சிதர், 1834இல் ஸ்வாதித் திருநாளிடமிருந்து தந்த வயலின் பரிசு பெற்ற தஞ்சை வடிவேலு என்று இந்தக் குடியேற்றத்தின் கதை பலமுறை சொல்லப்பட்டது. கதையில் குறைவாகப் பேசப்படும் பகுதி, வந்த வாத்தியம் என்ன வேலைக்கு வைக்கப்பட்டது என்பது. குரலைத் தொடரும் வேலைக்கு. பாடகர் ஆலாபனை செய்ய, ஓர் அடி பின்னால் அதே சங்கதியைத் திருப்பிச் சொல்லி, பாடகர் மூச்செடுக்கும்போது நாதம் அறுந்துவிடாமல் பிடித்துக்கொள்ளும் வேலைக்கு. தந்திகளும் அதற்கேற்ப மாற்றப்பட்டன: மேலை முறையின் நான்கு தனித்தனிச் சுரங்கள் போய், பாடுபவரின் சுருதிக்கு ஸ-ப-ஸ-ப ஆயின. வாத்தியம் தோளிலிருந்து இறங்கி, தலைப்பகுதி வலது பாதத்தில் ஊன்றி நின்றது. அதனால் இடக்கை பிடிக்கும் பொறுப்பிலிருந்து விடுபட்டு ஜாருக்கும் கம்பிதத்துக்கும் தாராளமாக வழுக்கக் கிடைத்தது. இந்த உடல்நிலை மாற்றம் இல்லாமல் இன்றைய கர்நாடக வயலின் இல்லை.

ஐரோப்பாவில் இதே மூன்றின் கூட்டணியில் வயலினுக்குக் கிடைத்த வேலை முற்றிலும் வேறு. 1790களில் லண்டன் பதிப்பாளர் வில்லியம் நேப்பியருக்காக ஸ்காட்லாந்துப் பாடல்களுக்கு ஹைடன் எழுதிய ஏற்பாடுகளில், குரலும் கட்டை வாத்தியமும் வயலினும் சேர்ந்தன. வீட்டுக் கூடங்களில் வாசிக்க வசதியான அமைப்பு. அங்கேயே வயலினுக்குத் தனி வரி கிடைத்துவிட்டது. 1884இல் வெளிவந்த பிராம்ஸின் இரண்டு பாடல்கள் (ஓபஸ் 91) இதன் உச்சம். வயலினுக்குப் பதில் வியோலா என்றாலும் தத்துவம் ஒன்றே. இரண்டாவது பாடலில் வியோலா முதலில் ஒரு பழைய கிறிஸ்துமஸ் தாலாட்டின் மெட்டை வாசிக்கிறது. பிறகு குரல் நுழைவது வேறொரு மெட்டோடு. இரண்டு பாட்டுகள் ஒன்றையொன்று கேட்டபடி நடக்கின்றன. நம் பக்கவாத்தியக்காரர் ஒருவர் பாடகரிடம் அப்படிச் செய்தால் அடுத்த சீசனுக்கு அழைப்பு வராது.

ஹோல்ஸ்ட்டின் உதாரணம் இன்னும் முக்கியம். சம்ஸ்கிருதம் கற்று, ரிக்வேதப் பாடல்களுக்குக் குரலும் பியானோவுமாக இசை எழுதியவர் அவர். முதல் உலகப் போர்க் காலத்தில், தாக்ஸ்டெட் தேவாலயத்தில் ஒரு பெண் தானே வயலின் வாசித்துக்கொண்டு பாடியதைக் கேட்ட தூண்டலில், குரலுக்கும் வயலினுக்கும் நான்கு பாடல்கள் எழுதினார். அவற்றில் பியானோவை எடுத்தே விட்டார். அந்த வெறுமையில்தான் பழைய சபை இசையின் சுர அமைப்புகள் மேஜர்-மைனர் பிடியிலிருந்து விலகி நடக்க முடிந்தது. குரலையும் வயலினையும் சுதந்திரமாக விட வேண்டுமென்றால் பியானோ வெளியேற வேண்டும் என்பது அவர் கண்ட தீர்வு. அதை நான் முழுவதும் ஏற்கவில்லை. ஆனால் பிரச்சினையை அவர் சரியான இடத்தில் பிடித்தார்: சிக்கல் பியானோவின் சுரங்களில் இல்லை, பல சுரங்களை ஒரே நேரத்தில் ஒலிக்கும் அதன் கார்டுகளில் இருக்கிறது.

இதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் மூவர் குழுக்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இங்கேதான். மோகனத்தை எடுத்துக்கொள்வோம். ஸ ரி க ப த: கமகம் அதிகம் கேட்காத, பியானோவில் பாதகமில்லாமல் உட்காரும் ராகம், கலவை இசைக்காரர்களின் செல்லப் பிள்ளை. பியானோ வாசிப்பவர் இடக்கையில் தைவதத்தை அடித்தளமாக வைத்து ஒரு கார்டு போடுகிறார். அவர் படித்த மரபில் அது மிக இயல்பான நகர்வு. நம் காதுக்கு என்ன ஆகிறது? அடியில் தைவதம் நின்றதும் அதுவே ஷட்ஜமாகக் கேட்கத் தொடங்குகிறது. மோகனம் ஒரு நொடியில் சுத்த தன்யாசியாகிறது. ரிஷபத்தை அடியில் வைத்தால் மத்யமாவதி, காந்தாரத்தை வைத்தால் ஹிந்தோளம், பஞ்சமத்தை வைத்தால் சுத்த சாவேரி. கிரஹபேதம் என்று நம் வித்வான்கள் ஆலாபனையின் நடுவே, அனுமதி கேட்பதுபோல ஜாக்கிரதையாகச் செய்து, உடனே திரும்பிவிடும் காரியத்தைப் பியானோவின் இடக்கை நான்கு மாத்திரைக்கு ஒருமுறை செய்துகொண்டே போகிறது. கேட்பவருக்கு ‘அழகாக இருக்கிறது, ஆனால் ராகம் தங்கவில்லை’ என்று தோன்றுவதன் காரணம் இதுவே. கமகத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

அப்படியானால் ஷட்ஜத்தைக் காப்பவர் யார்? தம்புராவை வைத்துக்கொண்டால் கார்டு நகரும்போது இரண்டும் உரசும். தம்புராவை எடுத்துவிட்டால் பாடகரின் காலடி நிலம் போய்விடும். என் வாதத்தின் மையம் இங்கேதான்: அந்தக் காவல் வேலையை ஏற்க மூவரில் வயலினால் மட்டுமே முடியும். அதன் திறந்த தந்தி ஷட்ஜத்தையோ பஞ்சமத்தையோ இழுத்துப் பிடித்து நிறுத்தும்; பியானோவின் ஒலிபோல அடித்த நொடியிலிருந்து தேய்வதில்லை. வில் அழுத்தத்தால் பியானோ நகரும்போது சற்றே முன்னால் வந்து நினைவூட்டவும், பிறகு மறையவும் முடியும். காந்தாரத்தில் அந்தப் பதினான்கு சென்ட்டைச் சத்தமில்லாமல் சமன்செய்யவும் அதனால் முடியும்: குரலோடு நிற்கும்போது கீழே, பியானோவோடு சேர்ந்திசைக்கும்போது மேலே. இரண்டு இலக்கணமும் தெரிந்த ஒரே வாத்தியம் இரண்டுக்கும் நடுவே எல்லையைக் காக்கிறது.

அன்றாட நடைமுறையில் இதற்கு நேர்மாறாகவே நடக்கிறது. வயலின்காரர் பழக்கத்தின்படி குரலைத் தொடர்கிறார். குரலும் வயலினும் கமகத்தோடு ஒரே வரியில் போக, பியானோ தனியே நின்று கார்டு போடுகிறது. இரண்டு பேர் பேசும் அறையில் மூன்றாமவர் சத்தமாகச் செய்தி வாசிப்பதுபோல் இருக்கிறது. அல்லது வயலின்காரர் மேலை முறையில் பயின்றவராக இருந்து பியானோவோடு சேர்கிறார். அப்போது பாடகர் விருந்தாளியாகிவிடுகிறார், ராகத்தின் முழுச் சுமையையும் தனியே தூக்குகிறார். முதல் தவறைச் சபா ரசிகர்கள் மன்னிப்பார்கள், இரண்டாவதைச் சேம்பர் இசை ரசிகர்கள் மன்னிப்பார்கள். இரண்டும் தவறுகளே.

எதிர்வாதம் ஒன்று உண்டு, பலமானது. வி. எஸ். நரசிம்மன் நடத்திய மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்ட்டெட்டில் கீர்த்தனைகள் கமகத்தோடு முதல் வயலினில் ஒலிக்க, மற்ற மூன்று வாத்தியங்களும் சேர்ந்திசை அமைத்தன. அங்கே யாரும் எல்லை காக்கவில்லை, ஆனாலும் ராகம் தங்கியது. இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ (1986) தொகுப்பிலும் நரசிம்மனின் வயலினே முன்னால் நின்றது. இந்த உதாரணங்களுக்கு என் பதில்: அவற்றில் குரல் இல்லை. வயலினே குரலாகிவிட்டதால், நடுநிலை என்ற பதவி காலியாக இருந்தது. சேர்ந்திசை தந்தவையும் நிலையான கட்டைகள் இல்லாத வில் வாத்தியங்கள், சுரத்தைச் சற்றே தளர்த்திக் கொடுக்க முடிந்தவை. குரலும் பியானோவும் இருபுறமும் வந்தபின் அந்தத் தீர்வு பொருந்தாது.

மைசூர் அரசர் ஜயசாமராஜ உடையாரையும் இங்கே அழைக்க வேண்டும். பியானோ முறையாகக் கற்று லண்டன் இசைக் கல்லூரிகளின் பட்டங்கள் பெற்றவர். ரஷ்ய இசையமைப்பாளர் மெட்னரின் ஒலிப்பதிவுகளுக்குப் பணம் தந்தவர். மெட்னரின் மூன்றாவது பியானோ கான்செர்ட்டோ அவருக்குக் காணிக்கையாக்கப்பட்டது. ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் கடைசி நான்கு பாடல்கள் 1950இல் லண்டனில் முதன்முதலாக அரங்கேற நிதி உத்தரவாதம் அளித்தவர். அதே மனிதர் ‘ஸ்ரீவித்யா’ முத்திரையில் 94 கீர்த்தனைகள் இயற்றினார். அவற்றில் பியானோவின் நிழலைத் தேடுபவர்கள் வெறுங்கையோடு திரும்புவார்கள். இரண்டு மரபிலும் ஆழ இறங்கியவர் இரண்டையும் தனித்தனியே வைத்தது, கலப்புக்கு எதிரான சாட்சியம் என்று சிலர் சொல்லக்கூடும். நான் அப்படிப் படிக்கவில்லை. ஒரே மனிதருக்குள் இரண்டு மரபு இருப்பது ஒன்று. மூன்று மனிதர்கள் ஓர் அறையில் ஒருவரையொருவர் கேட்டு நடப்பது வேறு. அரண்மனையில் முதலாவதற்கு வாய்ப்பு இருந்தது. இரண்டாவதற்கு ரிச்சர்ட்ஸ் டவுன் போன்ற, வீட்டுக்கூடங்களும் சபைகளும் பள்ளி அரங்குகளும் நெருங்கி நிற்கும் இடங்கள் தேவை. 1987இல் அருணா சுந்தர்லால் ஆர்.டி. நகரில் தொடங்கிய பெங்களூர் ஸ்கூல் ஆஃப் மியூசிக் இதே வட பெங்களூரில் வேரூன்றியதும் இதையே காட்டுகிறது.

தாளத்தைப் பற்றிச் சுருக்கமாக: கச்சேரியின் மூன்றாவது இருக்கை மிருதங்கத்தினுடையது. அங்கே பியானோ உட்காரும்போது காலப்பிரமாணத்தைப் பிடிப்பவர் எழுந்து போய்விடுகிறார். பாடகரின் மூச்சுக்கேற்பத் தளர்ந்தும் இறுகியும் நடப்பதே பாடல்துணைப் பியானோவின் நாகரிகம். வரியின் முடிவில் மெதுவாவதை அது மரியாதையாகக் கருதுகிறது. நமக்கு அது லயம் நழுவுவது. ஆலாபனையிலும் விருத்தத்திலும் இந்த முரண் எழாது என்பதால், தாளம் இல்லாத பகுதிகளை நீட்டி, கிருதியைச் சுருக்கும் குழுக்களே விவேகமானவை என்பது என் கணிப்பு. கல்பனாஸ்வரத்தில் மட்டும் பியானோ எதிர்பாராத விதத்தில் சோபிக்கும்: சுத்தி தந்தியை அடிக்கும் வாத்தியமல்லவா, ஜலதரங்கத்தின் துல்லியம் அதற்கும் வரும்.

இனி எழுதுவது பற்றி. ஏ. எம். சின்னசாமி முதலியார் 1893இல் வெளியிடத் தொடங்கிய தம் நூலில் தியாகராஜர் கிருதிகளை ஐரோப்பிய ஸ்டாஃப் நொட்டேஷனில் எழுத முனைந்தார். அவர் எட்டயபுரத்து சுப்பராம தீட்சிதரை வற்புறுத்தியதன் பலன்களில் ஒன்று 1904இல் வந்த ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’. அதில் கமகங்களுக்கே தனிக் குறிகள் உண்டு. மூவர் குழுவுக்குத் தேவைப்படுவது இந்த இரண்டின் கலப்பு. பியானோவுக்கு ஸ்டாஃப் போதும், பாடகருக்கு மனப்பாடம் போதும். வயலினின் தாளில்தான் ஸ்டாஃப் கோடுகளின் மேல் சுப்பராம தீட்சிதர் பாணியிலான கமகக் குறிகளும், எந்த இடத்தில் குரலோடு, எந்த இடத்தில் பியானோவோடு, எந்த இடத்தில் திறந்த தந்தி என்ற அறிவுறுத்தலும் வேண்டும். எழுதாமல் ‘மேடையில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டால், பழக்கம் ஜெயிக்கும்.

பிறகு ஒலியளவும் உட்காரும் விதமும். திருமகூடலு சௌடய்யா ஏழு தந்தி வயலினை உருவாக்கியது ஒலிபெருக்கி இல்லாத பெரிய கூட்டங்களில் நாதம் பரவ வேண்டும் என்பதற்காக. அவர் பெயரில் 1980இல் மல்லேஸ்வரத்தில் எழுந்த வயலின் வடிவ அரங்கமும் பெருங்கூட்டத்துக்கானதே. இன்றைய கர்நாடகக் குரல் மைக்கோடு வளர்ந்தது. மைக் இல்லாத கூடத்தில், மூடியை முழுவதும் திறந்த பியானோவுக்கு எதிரே, ஒரு கட்டை சுருதியில் மந்த்ரத்தில் இறங்கும் ஆண் குரல் கரைந்துவிடும். ஆகவே பியானோ மூடி தாழ்ந்திருக்க வேண்டும். ஆண் குரலுக்கு இரண்டு கட்டைவரை ஏற்றிப் பார்ப்பதில் தவறில்லை. வயலினைப் பாதத்தில் ஊன்றித் தரையில் வாசிப்பவரையும், முக்காலியில் உட்கார்ந்து பியானோ வாசிப்பவரையும் ஒரே மட்டத்தில் வைத்தால் ஒருவர் கண்ணை ஒருவர் பார்க்க முடியாது. நடுவில் வயலின் நிற்க வேண்டும் என்ற வாதமெல்லாம் அங்கேயே தோற்றுவிடும். பாடகரும் வயலின்காரரும் உட்காரும் மேடையை முக்காலியின் உயரத்துக்கு, ஏறத்தாழ ஒன்றரை அடி, உயர்த்தி, வயலினைப் பியானோவின் வளைவுப் பக்கம் வைத்து, பாடகரை அதற்கு வெளியே உட்கார வைப்பதே முதலில் செய்ய வேண்டிய ஏற்பாடு. ஒத்திகை அதற்குப் பிறகு தொடங்கலாம்.